பூனை முகர்ந்த மண்

செடிக்குத் தாகமா இல்லையா என்பதை இப்போது செல்போன் சொல்லிவிடுகிறது. போன மாதம் மணவாள நகரில் என் வீட்டுக்கு வந்த ஓர் இளம் வேளாண்மை அலுவலர், வேர்ப் பக்கத்தில் செருகி வைக்கும் ஒரு கருவியைக் காட்டினார். மண்ணில் ஈரம் குறைந்தால் அது போனுக்குச் செய்தி அனுப்புமாம். போன் மோட்டாரை ஓட விடுமாம். நடுவில் மனிதன் என்கிற தொல்லையே கிடையாது. "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். "பூனை வச்சிருந்தோம்" என்றேன். மரியாதைக்குச் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டுவிட்டுப் போனார். அதனால் அந்தப் பூனையைப் பற்றியே எழுதிவிடுகிறேன். நான் சொன்னது வேடிக்கை இல்லை.

கிராம சேவக் என்று ஓர் உத்தியோகம் அப்போது இருந்தது. பெயரிலேயே சேவை இருந்ததால் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டுக்கு ஊசி போட ஆள் வேண்டும், மனு எழுத வேண்டும், குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடிக்க வேண்டும். மிச்சம் இருந்த நேரத்தில் விவசாயம். எங்கள் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். சோழவரத்தில் பிறந்தவன். ஊரில் பெரிய மனிதர்கள் கார் ரேஸ் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பயிர் வெக்கிறவனுக்குப் பயிர் வெக்கச் சொல்லித் தர்றதுக்குக் கூடவா ஆள் வெக்கிறாங்க?" பணியில் இருந்த வருஷமெல்லாம் அதற்கு நான் பதில் யோசித்தேன். கிடைக்கவில்லை.

பயிற்சி நடந்தது அறுபதுகளின் நடுவில். நினைவில் நிற்பது இரண்டு பாடம். முதல் பாடம் உருளைக்கிழங்கு. கிழங்கை நடுவில் குடைந்து, குழிக்குள் சர்க்கரை போட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டுத் தண்ணீர் கிழங்கின் சதை வழியாக உள்ளே போய்க் குழியை நிரப்பிவிடும். வேர் தண்ணீர் குடிப்பதும் இப்படித்தான் என்றார் வாத்தியார். வேருக்குள் இருக்கும் சாறு கெட்டி, மண்ணில் இருக்கும் தண்ணீர் தெளிவு. தெளிவானது கெட்டியைத் தேடி உள்ளே போகிறது. மண்ணில் உப்பு ஏறி, அந்தத் தண்ணீர் சாற்றைவிடக் கெட்டியாகிவிட்டால் அதோடு கதை முடிந்தது. செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். சர்க்கரை ரேஷனில் இருந்த காலம் அது. பரிசோதனைக்கு வந்த சர்க்கரை வார்டனின் காபியில் கரைந்துவிட்டதால் எங்களுக்கு உப்பைப் போட்டுத்தான் காட்டினார்கள். அதுவும் வேலை செய்தது.

இரண்டாவது பாடம், மத்தியான வாட்டம். உச்சி வெயிலில் இலை செலவழிக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் கொண்டுவந்து தர முடியாது. அதனால் நல்ல செடிகூடப் பன்னிரண்டு மணிக்குத் தலையைத் தொங்கப் போடும். வெயில் தாழ்ந்ததும் வேர் மெல்ல மெல்ல ஈடு கட்டிவிடும், செடி நிமிர்ந்துவிடும். சாயங்காலமும் நிமிராத செடியைப் பார்த்துத்தான் பதற வேண்டும். மூன்றாவதாக, வேருக்கு மூச்சு விடக் காற்று வேண்டும் என்று ஒரு பாடம் நடந்திருக்கிறது. அன்று சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, நான் தூங்கிவிட்டேன். அந்தப் பாடத்தை எல்லம்மா அக்காதான் எனக்கு நடத்தினார். அவரைப் பற்றிச் சொல்லும் முன் என் அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எனக்கு மேலே இருந்த விரிவாக்க அலுவலர் பெயர் சிங்காரவேலு. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சாதாரண நாள். "மிஸ்டர் ஞானப்பிரகாசம்" என்று கூப்பிட்டால் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வயலில் இறங்கும் முன் பேண்ட்டை மூன்றே மூன்று மடிப்பு மடிப்பார். ஷூவைக் கழற்றி, மூக்கு ஜீப்பைப் பார்க்கும்படி வரப்பில் வைப்பார். எதற்கும் தயாராக இருக்கிறாராம். மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பார், தயிர்சாதம், மாவடு. எதிரில் கலெக்டரே உட்கார்ந்திருந்தாலும் ஒரு கவளம் நீட்டமாட்டார். அவர் வாயில் எப்போதும் இருந்த மந்திரம் ஒன்று: "நீங்க பாத்தத எழுதாதீங்க. அளந்தத எழுதுங்க." ஒருமுறை 'பயிர் செழிப்பாக உள்ளது' என்று ரிஜிஸ்டரில் எழுதியிருந்தேன். "செழிப்பு எத்தன அங்குலம்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேஜாரு பிடித்த மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி போய் அளந்தேன்.

எல்லம்மா அக்காவுக்கு ரயில் பாதைக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர். நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த கண்டிஷன் பட்டா. கண்டிஷன் என்னவென்றால், நிலத்தைத் தரிசாகப் போடக்கூடாது, பயிர் செய்தாக வேண்டும். சாகுபடிக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். புருஷன் செத்த பிறகு தனியாளாக ஒரு மகளை வைத்துக்கொண்டு, ஊரார் நிலத்தில் பாதி நாளும் தன் நிலத்தில் பாதி நாளுமாக உழைத்துக் கிடந்தவர். அவர் பரம்பரையில் நிலம் என்று ஒன்று கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தொழிற்பேட்டைக்காக அந்தப் பக்கம் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்த நேரம். அவர் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனி ஏற்கெனவே காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டது. நல்ல சுவர், நேரான சுவர். வடிகாலின் குறுக்கே கட்டப்பட்டது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் அவருடைய மிளகாய்க் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பத்து நாளில் செடியெல்லாம் வாடித் தலை தொங்கிவிட்டது. காலையிலும் வாட்டம், சாயங்காலமும் வாட்டம். நான் சைக்கிளை நிறுத்தியதுமே அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா இது அநியாயம்? தண்ணியில நின்னுக்கினே செடி வாடுது. இதுங்களுக்குக் குடிக்கத் தெரியலியா, இல்ல எனக்குப் பயிர் வெக்கத் தெரியலியா?"

எனக்கு உடனே உருளைக்கிழங்கு ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகம். அப்படியென்றால் உப்பு. பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி வேறு. "உப்பு ஏறியிருக்கும் அக்கா. மண்ணு எடுத்து அனுப்பறேன், தெரிஞ்சிடும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்.

மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வரப்போரம் எடுக்கக்கூடாது, மர நிழலில் எடுக்கக்கூடாது, எருக்குவியல் இருந்த இடத்தில் எடுக்கக்கூடாது. கொல்லையில் கோணல்மாணலாக நடந்து பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேலே கிடக்கும் குப்பையைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஆறு அங்குலம் வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல். எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் கலந்து, வட்டமாகப் பரப்பி, விரலால் நாலு பங்கு போட்டு, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ ஆகும் வரை இதே வேலை. பிறகு நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் கட்டியை உடைத்து, துணிப்பையில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பேனாவால் எழுதினால் ஈரத்தில் மை ஊறிவிடும்.

இத்தனையும் அட்சரம் பிசகாமல் செய்தேன். நிழலில் உலர்த்துவது வரைக்கும்.

நான் வாடகைக்கு இருந்தது தனபால் என்கிற கருவாட்டு வியாபாரி வீட்டின் பின்கட்டில். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, கரையேறி வியாபாரத்துக்கு வந்தவர். மழைக்காலம், சேறாக இருந்த மண் சீக்கிரம் காயவில்லை. பின்கட்டு நடையில் சுருட்டி வைத்திருந்த பனையோலைப் பாய் ஒன்றை விரித்து அதில் மண்ணைப் பரப்பினேன். தரையில் பரப்பினால் வேறு மண் கலந்துவிடும் என்ற முன்ஜாக்கிரதை. மூன்று நாள் கிடந்தது. அந்த மூன்று நாளும் தனபாலின் சாம்பல் நிறப் பூனை மண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகர்ந்து பார்க்கும், நக்கும், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். துரத்தித் துரத்தி எனக்குக் கை வலித்துப்போயிற்று.

தனபால்கூடக் கேட்டார். "இன்னா சார், மண்ணுல ஏதுனா கொழம்பு வெக்கப் போறீங்களா? பூன போவ மாட்டேங்குதே?"

"பூனைக்குக்கூட எல்லம்மாக்கா மண்ணு புடிச்சிருக்கு" என்று சிரித்தேன். அட மடையா, பூனை எதற்காக மண்ணை நக்குகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக்கூடாதா? யோசிக்கவில்லை. அந்த வீட்டில் கருவாட்டு வாசனை அடிக்காத பொருளே கிடையாது. குடியேறிய முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டேன், இரண்டாம் வாரத்தில் மூக்கே ராஜினாமா கொடுத்துவிட்டது.

மார்கழியில் பரிசோதனைக் கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. 'உப்பு மிக அதிகம். உவர் நிலம். சாகுபடிக்கு ஏற்றதன்று.' என் மேதாவிலாசத்தை நானே மெச்சிக்கொண்டேன், பார்த்தவுடனே சொன்னேனே! முறைப்படி ஒரு நகல் தாலுகா ஆபீசுக்குப் போயிற்று. இரண்டே வாரத்தில் எல்லம்மா அக்கா ஒரு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். நிலம் சாகுபடிக்கு லாயக்கற்றது என்று அறிக்கை வந்திருப்பதால் பட்டாவை ரத்து செய்வது குறித்துப் பங்குனியில் தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார் என்று இருந்தது. அந்த இடம் தொழிற்பேட்டையோடு சேரும் என்பதை யாரும் எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

அக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது அவருக்கு.

"உப்பா? என் நெலத்துலயா? எவன் சொன்னான்? பட்டா குடுத்த அன்னிக்கே ஒரு கட்டி மண்ண வாயில போட்டுப் பாத்தவ நானு. கருவாடு தின்னு வளந்த நாக்கு நைனா இது. உப்பு இருந்தா தெரியாதா எனக்கு?"

கருவாடு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பூனை ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மண்ணுக்குப் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருந்த அந்தப் பூனை. எழுந்து போய் நடையில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்து, விரலால் தடவி நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது. தனபால் வருஷக்கணக்கில் உப்புக் கண்டம் போட்ட மீனைக் காயவைத்த பாய். ஈர மண் அதன் உப்பையெல்லாம் நிதானமாக, மூன்று நாள் உட்கார்ந்து உறிஞ்சியிருக்கிறது. உருளைக்கிழங்கைவிட நன்றாக.

சத்தியமாகச் சொல்கிறேன், மறைத்துவிடத்தான் நினைத்தேன். வேலை போனால் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே என் உத்தியோகத்தால்தான். திரும்பி வந்து, "பாக்கலாம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் போகாமல் நின்றார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு செத்த மிளகாய்ச் செடியை வேரோடு எடுத்து நீட்டினார்.

"இத்த மோந்து பாரு."

வேர் கறுத்திருந்தது. அழுகின முட்டை நாற்றம். மேல்தோல் விரல் பட்டதும் உருவிக்கொண்டு வந்தது.

"உப்புல செத்த செடி இந்த நாத்தம் நாறாது நைனா. இது மூச்சு முட்டிச் செத்தது. வாயில தண்ணி கீது, மூச்சு உட வழி இல்ல. முங்கிக் கெடக்கறவன் தண்ணி குடிப்பானா? அந்தச் செவுத்தக் கட்டினதுலேருந்துதான் தண்ணி போவ மாட்டேங்குது."

பயிற்சியில் நான் தூங்கித் தவறவிட்ட பாடம் அவ்வளவுதான். காற்றில்லாத மண்ணில் வேர் வேலை செய்யாது, தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் உறிஞ்சாது. அதைப் பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண்மணி என் அறை வாசலில் நின்று இரண்டு நிமிஷத்தில் நடத்தி முடித்தார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அதற்கு மேல் மறைத்து வைக்க முடியவில்லை. பாயை அவரிடம் காட்டி உள்ளதைச் சொன்னேன். அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச புள்ளதானே?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பாயைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சிங்காரவேலு சார் முன்னால் போய் நின்றேன். ஆபீசில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பூனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிஸ்டர் ஞானப்பிரகாசம், பூனை சாட்சி சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"ஃபைல்ல 'பூனை நக்கியது'ன்னு எழுத முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப நீங்க சொல்றது எல்லாம் பாத்தது. அளந்தது எதுவும் இல்ல."

அன்று மத்தியானமே ஜீப்பில் வந்தார். பேண்ட்டை மூன்று மடிப்பு மடித்து, சேற்றில் என்னோடு பதினைந்து இடத்திலும் கூடவே நின்றார். கலந்த மண்ணை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி ஆபீசில் அவர் மேஜைக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் காய்ந்தது. மறு பாதி அதே அறையில் அந்தக் கருவாட்டுப் பாயில் காய்ந்தது. மூன்று நாள் அவர் மூக்கைச் சுளிக்காமல் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கு எண் மட்டும் போட்டு, எது எதில் காய்ந்தது என்று சொல்லாமல் அனுப்பினோம். மாசியில் பதில் வந்தது. பாயில் காய்ந்த மண்ணில் உப்பு மிக அதிகம். செய்தித்தாளில் காய்ந்ததில் உப்பு ஒரு பிரச்சினையே இல்லை, நல்ல மண். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"உக்காருங்க" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, பயமாக இருந்தது. "பழைய ரிப்போர்ட்டு தாலுகா ஃபைல்ல இருக்கு. அதத் தப்புன்னு சொல்லணும்னா, தப்பு எங்க நடந்துதுன்னு சொல்லணும். மண்ணுல தப்பு இல்லேன்னா ஆள்கிட்ட இருக்கணும். கவர்மெண்ட் ஃபைல்ல தப்பு அந்தரத்துல நிக்காது."

"என் மேல எழுதுங்க சார்" என்றேன். வீரமெல்லாம் இல்லை, வேறு வழி இல்லை.

"எழுதிட்டேன்" என்று ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 'மண் மாதிரியை மீன் உலர்த்தும் பாயில் பரப்பி உலர்த்தி, மேற்படி நிலம் உவர் நிலம் எனத் தவறான அறிக்கை வரக் காரணமாயிருந்த கிராம சேவக் ஞானப்பிரகாசம் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார். மேற்படி நிலம் உவர் நிலம் அன்று.' அந்த மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் எல்லம்மா அக்கா யாருக்கும் காத்திருக்கவில்லை. மழை நின்றதும் மண்ணை வெட்டி இழுத்து முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மகளும் அவருமாக மறுபடி மிளகாய் நாற்று நட்டிருந்தார்கள். தண்ணீர் கீழே நிற்கட்டும், வேர் மேலே மூச்சு விடட்டும் என்ற கணக்கு. கம்பெனிக்கும் வடிகால் பற்றி நாங்கள் கடிதம் போட்டோம். 'நடவடிக்கையில் உள்ளது' என்று அழகான டைப்பில் பதில் வந்தது. பங்குனியில் செடி பூத்துக் குலுங்கியது. காலையில் பார்த்தால் கண்ணே பட்டுவிடும்.

விசாரணை காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள், சாரும் நானும் முன்னதாகவே போய் நின்றோம். தாசில்தார் வந்தது பன்னிரண்டரைக்கு. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரத்துக்கு மிளகாய்ச் செடிகள் அத்தனையும், பாடத்தில் படித்தது பிசகாமல், இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு துவண்டு நின்றன.

"என்னய்யா இது?" என்றார் தாசில்தார். "எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. இதுக்குத்தான் உவர் இல்லேன்னு ரெண்டாவது ரிப்போர்ட்டா?"

"மத்தியான வாட்டம் சார். வெயில் தாழ்ந்தா நிமிர்ந்துடும்" என்றேன்.

"நான் வந்தா படுத்துக்கும், போனா எந்திரிச்சிக்குமா? நல்லா இருக்குய்யா கதை. பேனாவ எடுங்க."

எல்லம்மா அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும் என்று. சிங்காரவேலு சார் கையை நீட்டி நிறுத்தினார். மண்ணில் ஈரம் இருந்தது. குறை அங்கே இல்லை, நேரத்தில். அவர் தாசில்தார் பக்கம் திரும்பி மிகப் பணிவாகச் சொன்னார். "முடிவு உங்களுது சார். ஆனா எங்க டிபார்ட்மெண்ட் ரெக்கார்ட வாசிச்சுக் காட்டாம இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. ப்ரொசீஜர்."

பனைமர நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். ரிஜிஸ்டரைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். எந்தத் தேதியில் நாற்று எத்தனை அங்குலம், பாத்தியின் உயரம், செடிக்குச் செடி இடைவெளி, மண் எடுத்த பதினைந்து இடம், ஒவ்வொன்றும் வரப்பிலிருந்து எத்தனை அடி. நிறுத்தி நிறுத்தி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்வு போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் அங்குலம் வாசிக்கிறாரே! ஒரு மணிக்குத் தாசில்தார் சாப்பிடப் போக வேண்டும் என்றார். சிங்காரவேலு சார் டிபன் பாக்ஸைத் திறந்து, முழுத் தயிர்சாதத்தையும் மாவடுவையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். எனக்குத் தலை சுற்றியது. தாசில்தார் சாப்பிட்டார், இவர் வாசித்தார்.

மூன்று மணி வாக்கில் என் மெமோவுக்கு வந்தார். ஊர் ஜனம் சுற்றி நின்றது. மீன் உலர்த்தும் பாய் என்றதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. கண்டிக்கப்படுகிறார் என்று முடித்தார். அரைத் தூக்கத்திலிருந்த தாசில்தார் "என்ன பாய்?" என்றார். "மறுபடி வாசிக்கிறேன் சார்" என்று முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு தடவை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று தலையைக் குனிந்து நின்றேன். அப்படிக் குனிந்து நின்றதால்தான் பார்த்தேன். பனைமரத்தின் நிழல் நீண்டு முதல் பாத்தியின்மேல் விழுந்திருந்தது. அந்தப் பாத்திச் செடிகள் நிமிர்ந்திருந்தன. அடுத்த பாத்தியில் இலைகள் விறைக்க ஆரம்பித்திருந்தன. நான் தலையைத் தூக்கி சாரைப் பார்த்தேன். அவர் ரிஜிஸ்டரைப் பார்க்கவேயில்லை. கண்ணை மிளகாய்மேல் வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ரிஜிஸ்டரை மூடினார். "இப்ப ஒரு தடவ நிலத்தப் பாத்துடலாமா சார்?"

தாசில்தார் எழுந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். கொல்லை முழுக்க மிளகாய் நிமிர்ந்து நின்றது. "அட, இன்னாய்யா இது!" என்றார், பதவியை மறந்து. வரப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் பேனாவை வாங்கி, பயிர் நல்ல நிலையில் உள்ளது, பட்டா தொடரலாம் என்று எழுதினார். எல்லம்மா அக்கா அதுவரை அழாதவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

திரும்பும்போது ஜீப்பில் சாருடைய வயிறு பசியில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "ஞானப்பிரகாசம், செடி நிமிர்ந்தப்ப மணி என்ன?" என்றார்.

"நாலு சார்."

"அத எழுதிடுங்க."

மெமோவை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார்கள். நான் ஆறு வருஷம் கழித்துப் பெற்றேன். ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு நல்ல மனசுக்காரக் குமாஸ்தா, மேல்முறையீடு செய்தால் அந்தக் கண்டனத்தை நீக்கிவிடலாம் சார், கறை இல்லாமல் போகலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று பதறிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. பழைய உவர் அறிக்கை இன்னும் ஏதோ ஒரு ஃபைல் கட்டுக்குள் கிடக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லும் மெமோ போய்விட்டால், அறிக்கை மறுபடி உண்மையாகிவிடும்.

ஆகத்தான் பார்த்தது. பல வருஷம் கழித்து, தொழிற்பேட்டையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று அளக்க வந்தவர்கள் அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுத்தார்கள். எல்லம்மா அக்கா அப்போது இல்லை. நான் முன்பே அக்காவிடம் கொடுத்து வைத்திருந்த என் மெமோவின் நகலை மகள் எடுத்து நீட்டியிருக்கிறாள். படித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். அந்தச் சுவரிலும் ஒரு வழியாக வடிகாலுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். எங்கள் கடிதத்தால் இல்லை. ஒரு மழையில் அவர்கள் ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது.

சமீபத்தில் அந்த வீட்டில் ஒரு கல்யாணம், போயிருந்தேன். மகள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். பட்டாவையும் என் மெமோவையும் முதுகோடு முதுகு வைத்து லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். விசேஷ நாளில் குங்குமம் வைக்கிறார்களாம். மெமோ பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள், வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார் என்ற இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் இன்னொரு முறை படித்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் சிங்காரவேலு சார். பூனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.